குளிக்க முடியாத அருவிகள்: பிளிட்விட்சேயில் ஒரு நாள்

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் சேர்ந்தது, யூரோவுக்கும் மாறியது. அதனால் ஜெர்மனிக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப்போகத் தனி விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா தென்காசிக்காரர். ஐந்தருவியில் இடம் பிடித்து நின்று குளித்தே வளர்ந்தவர். அப்படிப்பட்டவரை, தண்ணீரில் விரல் வைத்தாலே விசில் அடிக்கும் ஓர் இடத்துக்கு நான் கூட்டிப்போனேன்.

பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்கா, தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர். பேருந்துகள் போகின்றன, செலவும் குறைவு. ஆனால் பூங்காவில் எந்த மணிக்கு நுழைகிறோம் என்று முன்கூட்டியே குறித்துச் சீட்டு வாங்க வேண்டும். பேருந்து தாமதமானால் வம்பு. அம்மாவின் முழங்காலும் யோசிக்க வைத்தது. வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் பயணத்தில் சேர்ந்தால் பேருந்து, நுழைவுச் சீட்டு, ஏற்ற இறக்கம் பார்த்துப் பாதையைத் தேர்வது எல்லாம் அவர்கள் பாடு. பொதுவாக எனக்குக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஒருவர் போக, பின்னால் முப்பது பேர் நடப்பது பிடிக்காது. இந்த முறை சரி என்று விட்டுவிட்டேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையை விட்டுக் கார்லோவாட்ஸ் ஊர் வழியாகப் பழைய சாலையில் வண்டி திரும்பியது. ஊர் எல்லையில், சாலை ஓரத்திலேயே பீரங்கி வண்டிகளும் போர்க்கால வாகனங்களும் வரிசையாக நிற்கின்றன. யூகோஸ்லாவியாவிலிருந்து குரோஷியா பிரிந்தபோது நடந்த 1990களின் போரைப் பற்றிய அருங்காட்சியகம் அது. வழிகாட்டி நாற்பதைத் தாண்டியவர், நகைச்சுவையாகவே பேசிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் மட்டும் மைக்கை அணைத்துவிட்டு, "சாயங்காலம் திரும்பும்போது சொல்கிறேன்" என்றார்.

வழியில் ஸ்லூன் என்ற சிற்றூரின் ராஸ்டோக்கே பகுதியில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். ஸ்லூன்சிட்சா என்ற சிறு ஆறு அங்கே பல கிளைகளாகப் பிரிந்து, வீடுகளுக்கு இடையிலும் அடியிலும் புகுந்து, கொரானா ஆற்றில் விழுகிறது. பழைய மர வீடுகள், தண்ணீரால் சுழலும் மாவு ஆலைகள். பெரும்பாலான குழுக்கள் இதைக் காபி குடிக்கும் இடமாகவே பார்க்கின்றன. எனக்கென்னவோ இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. கீழே ஓடும் அந்தக் கொரானா, நாங்கள் பார்க்கப் போகும் ஏரிகளிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான்.

பூங்காவின் முதல் நுழைவாயிலில் ஒரு வசதி: உள்ளே போன சில நிமிடங்களிலேயே மொத்தக் காட்சியும் காலுக்குக் கீழே விரிந்துவிடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையால் ஆன பள்ளத்தாக்கு. அதன் அடியில் பச்சையும் நீலமும் கலந்த ஏரிகள் படிப்படியாக. எதிரே 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வெலிகி ஸ்லாப், நாட்டிலேயே உயரமான அருவி என்று சொல்லப்படுவது. புகைப்படங்களில் பார்த்த நிறத்தைக் கணினியில் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அந்த நிறமேதான். வெயில் விழும் கோணம், தண்ணீரிலுள்ள கனிமங்கள், நுண்ணுயிர்கள் இவற்றைப் பொறுத்து மணிக்கு மணி மாறுகிறது. மேகம் வந்து மறைத்தபோது ஒரே நிமிடத்தில் நீலம் சாம்பல் பச்சையானது.

வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். கீழே போனதும் முதல் கேள்வி.

"ஏட்டி, எந்தப் பக்கம் குளிக்க விடுவாவ?"

எந்தப் பக்கமும் விடமாட்டார்கள். 2006 முதல் இங்கே நீந்துவதும் குளிப்பதும் முழுக்கத் தடை. இதை நான் முன்பே சொல்லித்தான் கூட்டி வந்தேன். ஆனால் காதால் கேட்பது வேறு, அவ்வளவு தண்ணீரைக் கண்ணெதிரே பார்த்தபடி சும்மா நிற்பது வேறு. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிகாட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் எங்களை நடைபாதையின் ஓரத்துக்கு அழைத்துப்போய், தண்ணீர் வழியும் ஒரு தடுப்பைக் காட்டினார். பாசி படர்ந்த, பழுப்பும் மஞ்சளுமான, துளைகள் நிறைந்த கல். "இது பாறை இல்லை. தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும் சுவர்" என்றார்.

இந்த விளக்கத்துக்காகவே வழிகாட்டிக்குக் கொடுத்த காசு தகும். இந்த மலைகள் சுண்ணாம்புக் கல்லாலும் அதைப் போன்ற டோலமைட் என்ற பாறையாலும் ஆனவை. மழைநீரும் பனி உருகிய நீரும் அவற்றின் வழியாக இறங்கி வரும்போது சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவருகின்றன. அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து விழுந்து சிதறும்போது, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்போது சுண்ணாம்பால் கரைந்தே இருக்க முடிவதில்லை, படிய ஆரம்பிக்கிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதே வேதியியல். ஆனால் இங்கே படிவதற்குப் பாசிகளும் ஆல்காக்களும் பாக்டீரியாக்களும் வேண்டும். சுண்ணாம்புத் துகள்கள் அவற்றின்மேல் ஒட்டுகின்றன. பாசி மூச்சுமுட்டி மேலே மேலே வளர, அடிப்பகுதி கல்லாகிறது. இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை, இடத்துக்கு இடம் கூடவும் குறையவுமாக, தடுப்பு உயர்கிறது. தடுப்பு உயர உயர அதன் பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியாகிறது. வழிவது அருவியாகிறது.

மற்ற ஊர் அருவிகள் தாம் விழும் பாறையைத் தேய்த்துத் தின்றுகொண்டே போகின்றன. இங்கே அருவி, தான் விழுவதற்கான மேட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. இப்போதுள்ள தடுப்புகள் கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு, சுமார் ஆறேழு ஆயிரம் ஆண்டுகளில் உருவானவை. ஒரு தடுப்பு உடைந்தால் ஏரி இறங்கும். ஒன்று வேகமாக வளர்ந்தால் மேலே இருக்கும் ஏரியை மூழ்கடித்துவிடும். 16 ஏரிகள் என்று எல்லாப் பலகைகளிலும் எழுதியிருக்கிறார்கள். இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில் அந்த எண்ணே மாறலாம்.

தண்ணீரில் கரிமப் பொருள்கள், அதாவது அழுக்கு, எண்ணெய், சோப்பு, வெயிலுக்குப் பூசும் கிரீம் போன்றவை கூடினால் இந்தப் படிதல் கெடும். மனிதன் காலை வைத்தால் பாசி நசுங்கும். குளியலுக்குத் தடை இதனால்தான். நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காயோடு அருவியில் நிற்பதுதான் குளியல் என்று நம்பும் அம்மா, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எண்ணெ தேய்க்காம, சும்மா தலையை மட்டும் காட்டினா?"

அதுவும் கூடாது என்றேன். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, தடை வருவதற்கு முன், சின்ன வயதில், அனுமதித்த இடங்களில் தான் குளித்திருப்பதாக ஒப்புக்கொண்டார். அதை நான் மொழிபெயர்த்திருக்க வேண்டாம். "அவன் மட்டும் ஆசை தீரக் குளிச்சிட்டு நம்மள வேண்டாங்கானா?" என்று அம்மா கேட்டதை அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

நடைபாதை முழுவதும் மரப் பலகைகள்தான். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பெரும்பாலும் கைப்பிடி இல்லாமல் போகிறது. பலகை இடுக்கில் பார்த்தால் கீழே ஆறு ஓடுகிறது. வெலிகி ஸ்லாப்பின் அடிவாரத்தில் சாரல் முகத்தில் அடித்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒரு கொரியப் பாட்டியும் பக்கத்தில் வந்து முகத்தைக் காட்டினார்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரும் இடம் இது. பூங்காவின் பரப்பு கிட்டத்தட்ட 300 சதுர கிலோமீட்டர். அதில் ஏரிகள் ஒரு சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் பீச் மரக் காடு, அதில் கரடி, ஓநாய், லின்க்ஸ் பூனை. வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சதவீதத்தின் பலகைப் பாதையில்தான் நடக்கிறோம். நாங்கள் போனது மே மாதக் கடைசி. அதுவே சில இடங்களில் திருவிழாத் தேர் நகரும் வேகம். ஜூலை, ஆகஸ்டை நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

கீழ் ஏரிகளில் ஓர் அருவிக்கு மில்கா ட்ர்னினா என்ற ஓபெரா பாடகியின் பெயர். 1897இல் ஜாக்ரெப்பில் ஒரு கச்சேரி செய்து, அதில் வந்த வருமானத்தை இந்த ஏரிகளைப் பாதுகாக்கும் சங்கத்துக்குக் கொடுத்தாராம். அரசாங்கம் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1949இல், அதற்கு அரை நூற்றாண்டு கழித்து.

கோஸ்யாக், ஏரிகளில் பெரியது, ஆழம் 47 மீட்டர். அதை மின்சாரப் படகில் கடக்க வேண்டும். டீசல் நாற்றமும் இரைச்சலும் இல்லை. ஏறுவதற்கு முன் கரையிலுள்ள புல்வெளியில் சாப்பாடு: சுட்ட கோழி, தொத்திறைச்சி, உருளை வறுவல். சாப்பாட்டைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நாங்கள் கொண்டுபோன புளியோதரையை எடுத்தோம். வாத்துகள் சுற்றிக்கொண்டன, அவற்றுக்குத் தீனி போடவும் தடை. "இங்க எதுக்குத்தான் தடை இல்ல?" என்றார் அம்மா.

மேல் ஏரிகளுக்கு வருபவர்களில் பாதிப்பேர் களைத்துப்போய் வருகிறார்கள். எனக்குப் பிடித்ததென்னவோ மேலேதான். பெரிய அருவி என்று எதையும் தேடாமல், திரும்பிய பக்கமெல்லாம் புதர்களுக்குள்ளிருந்து, மர வேர்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. தெளிந்த நீரின் அடியில் விழுந்து கிடக்கும் மரங்கள் வெள்ளைப் பூச்சு ஏறிப்போயிருக்கின்றன. அவற்றின்மேலும் சுண்ணாம்பு படிகிறது. காலையில் கேட்ட பாடம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. வழிகாட்டிக்கோ கடிகாரத்தின் மேல்தான் கண். "இன்னும் பத்து நிமிடம்" என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல். குழுவோடு போவதில் இருக்கும் பெரிய குறை இதுதான். மேலே 636 மீட்டர் உயரத்தில் இருக்கும் புரோஷ்சான்ஸ்கோ ஏரியை எட்டிப் பார்த்ததோடு சரி. அங்கிருந்து பூங்காவின் வண்டி எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

திரும்பும் வழியில் வழிகாட்டி சொன்னபடியே சொன்னார். 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. இந்தப் பூங்காவைச் செர்பியக் கிளர்ச்சியாளர்கள் பிடித்திருந்தார்கள், குரோஷியக் காவல்துறை மீட்க வந்தது. மோதலில் இரு பக்கமும் ஒவ்வொருவர் இறந்தனர். குரோஷியப் போரின் முதல் சாவுகள் அவை. பின்னர் மீண்டும் கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போன பூங்கா, 1995 வரை அவர்களிடமே இருந்தது. 1979இலேயே உலகப் பாரம்பரியக் களமாகியிருந்த இடத்தை, 1992இல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது, 1997இல்தான் எடுத்தது. கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. பேருந்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவரும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, வழியில் பாலாடைக்கட்டி வாங்குகிறீர்களா என்று கேட்டார்.

வாங்கினோம். ஷ்க்ரிபாவட்ஸ் என்று அந்த லிகா வட்டாரத்தின் பாலாடைக்கட்டி. மென்றால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். சாலையோரக் கடையில் தேனும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் கூட இருந்தன. அம்மா சைகையிலேயே பேரம் பேசி, குறைக்காததால் தேனை வைத்துவிட்டு வந்தார்.

போகிறவர்களுக்கு: கோடையில் நுழைவுச் சீட்டு மட்டுமே 40 யூரோ அளவில் வருகிறது, குளிர்காலத்தில் அதில் கால் பங்குதான். மே அல்லது அக்டோபரில் விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் அதிகம். ஈரப் பலகையில் வழுக்காத காலணி கட்டாயம். பெரியவர்களைக் கூட்டிப்போனால் முதல் நுழைவாயிலில் கீழே இறங்கும் பாதையைக் கணக்கில் வையுங்கள், ஆனால் படகும் வண்டியும் இருப்பதால் சமாளிக்கலாம். இளையவர்கள் ஒரு நாள் குழுப் பயணம் போகாதீர்கள். பூங்காவுக்குப் பக்கத்தில் இரவு தங்கி, காலை முதல் ஆளாக நுழையுங்கள், மேல் ஏரிகளில் நேரம் கிடைக்கும்.

குளித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கொரானா ஆறு பூங்காவை விட்டு வெளியேறி ராஸ்டோக்கே வழியாகக் கார்லோவாட்சுக்குப் போகிறது. அங்கே ஃபோகினோவோ என்ற ஆற்றங்கரைக் குளியல் துறை, கோடையில் ஊரே அங்கேதான். அதே தண்ணீர், விசில் இல்லை. குழுப் பேருந்து அங்கே நிறுத்தாது என்பதால் நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அடுத்த தடவை துண்டோடு அங்கேதான் முதலில் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.