லூசர்னில் குழுவை எங்கே நிறுத்துவது?

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் சிறிய ஊர். ரயில் நிலையம், ஏரி, மரப்பாலம், சிங்கச் சிற்பம் எல்லாமே அரைமணி நடைக்குள் அடங்கிவிடும். புதிதாக வரும் டூர் மேனேஜர்கள் ஏமாறுவதும் அதனால்தான். பாரிஸ், ரோம் என்றால் முந்தின இரவே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள், லூசர்ன் என்றால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் 44 பேர் கொண்ட குழுவுக்கு இந்த ஊரில் நேரம் நடையில் போவதில்லை, நிற்பதில்தான் போகிறது. எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கவே கூடாது என்று முன்பே முடிவு செய்துகொண்டவர் அரைநாளில் ஊரை நிம்மதியாகக் காட்டிவிடலாம்.

முதலில் கோச், அதாவது குழு வரும் சுற்றுலாப் பேருந்து. ஊருக்குள் கோச் ஆட்களை இறக்கி ஏற்றும் இடங்களில் முக்கியமானவை இரண்டு: சிங்கச் சிற்பத்துக்குப் பக்கத்தில் லோவன்பிளாட்ஸ், ஏரிக்கரையில் கடிகாரக் கடைகள் சூழ்ந்த ஷ்வானன்பிளாட்ஸ். இரண்டு பெயரும் ஒரே மாதிரி முடிவதால் குழுவில் பாதிப்பேர் குழம்புவார்கள். லோவன் என்றால் சிங்கம், ஷ்வானன் என்றால் அன்னம். 'சிங்கத்தில் இறங்குகிறோம், அன்னத்தில் ஏறுகிறோம்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டால் எழுபது வயதுப் பாட்டிக்கும் மறக்காது.

சிங்கத்தில் இறங்கி அன்னத்தில் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வழியில் நடை ஒரே திசையில் ஏரியை நோக்கிப் போகும், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. தனியாளாக நடந்தால் பத்து நிமிடம், குழுவோடு என்றால் இருபது நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருப்பது கடைத்தெரு. முதல் ஆள் சாக்லேட் கடைக்குள் நுழைந்தால் பின்னால் எட்டுப் பேர் போவார்கள். அதனால் இடங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் கடை என்பதை இறங்குவதற்கு முன், மைக்கில், கோச்சுக்குள்ளேயே சொல்ல வேண்டும். தெருவில் வைத்துச் சொன்னால் பாதிப்பேருக்குத்தான் கேட்கும்.

சிங்கச் சிற்பத்தின் கதையையும் கோச்சிலேயே சொல்லி முடிப்பது நல்லது. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பிரெஞ்சு மன்னரின் அரண்மனையைக் காத்து மடிந்த சுவிஸ் காவல் வீரர்களுக்கான நினைவிடம் அது. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் வடிவமைத்தார், லூகாஸ் ஆகோர்ன் செதுக்கினார், 1821இல் திறந்தார்கள். சிங்கத்தின் விலாவில் முறிந்த ஈட்டி ஒன்று தைத்திருக்கும். அதன் பாதம் பிரெஞ்சு அரச மரபின் லில்லிப்பூ பொறித்த கேடயத்தின் மேல் கிடக்கும். இறந்தவர்கள் சுமார் 760 பேர் என்று கீழே ரோமன் எண்ணில் வெட்டியிருக்கிறார்கள். 'இது நம்மூர் நடுகல் மாதிரி' என்று ஒரு வரி சொன்னால் போதும், உள்ளே போனதும் கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். சொல்லாமல் கூட்டிப்போனால் சிங்கத்தின் முன் குரூப் போட்டோ எடுக்கும் சத்தம்தான் கேட்கும். இங்கே 15 நிமிடம் போதும்.

அடுத்தது சேப்பல் பாலம். 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் இது, நீளம் சுமார் 200 மீட்டர். 1993 ஆகஸ்டில் ஓர் இரவில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். கூரைக்கடியில் இருந்த 17ஆம் நூற்றாண்டு முக்கோண ஓவியங்களில் பெரும்பாலானவை போயே போய்விட்டன, எண்கோணக் கல்கோபுரம் தப்பியது. பாலம் குறுகல். நடுவில் நின்று கையை உயர்த்தி விளக்கம் சொன்னால் பின்னால் வரும் இன்னொரு குழுவும் எதிரே வருகிறவர்களும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பாலத்தின் மேல் நின்று விளக்கம் சொல்லவே கூடாது. ஏறுவதற்கு முன் ஆற்றங்கரையில் நிறுத்தி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, 'இருவர் இருவராக நடந்து மறுகரையில் நில்லுங்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்' என்று அனுப்ப வேண்டும். சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை சொல்வது அவசியம். 1993 தீக்கும் சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றுதான் பேசப்பட்டது. செவ்வாய், சனி காலைகளில் ஆற்றங்கரை வளைவுகளின் கீழ் காய்கறிச் சந்தை கூடும். அந்த நாட்களில் கரையில் நிற்க இடமிருக்காது, விளக்கத்தை இன்னும் முன்னதாகவே முடித்துக்கொள்ள வேண்டும்.

பாலத்தையும் கோபுரத்தையும் சேர்த்துப் படமெடுக்க நல்ல இடம் ஏரியோரம் வாகனங்கள் ஓடும் பெரிய பாலமான சேபுரூக்க. அங்கிருந்து மேற்கே பார்ப்பதால் காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் போனால் முகங்கள் கறுப்பாக விழும், பிறகு யாரும் வாட்ஸப்பில் போடமாட்டார்கள். சேப்பல் பாலத்தைக் கடந்து மறுகரையில் வலப்பக்கம் திரும்பினால் ஜெசுயிட் ஆலயம், இடப்பக்கம் ரயில் நிலையம். நேரம் மிச்சமிருந்தால் ஆறு ஓடும் திசையில் இன்னும் சற்று நடந்து ஸ்ப்ராயர் பாலத்தையும் காட்டலாம். மரணம் எலும்புக்கூடாக வந்து அரசன், துறவி, மணப்பெண் என்று ஒவ்வொருவரையும் அழைத்துப்போகும் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அதன் பக்கத்தில் ஆற்றுக்குள் நிறுத்திய மரக்கட்டைகளைக் கையால் எடுத்தும் செருகியும் ஏரியின் நீர்மட்டத்தைச் சீராக்கும் 19ஆம் நூற்றாண்டு அணை உண்டு. குழுவில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் அவரை அங்கிருந்து கிளப்புவது கடினம். கிளப்பவும் வேண்டாம், பத்து நிமிடம் கொடுக்கலாம்.

இனி கூடும் இடம். ஆட்கள் தொலைந்துபோகும் சம்பவங்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன. 'பாலத்துக்குப் பக்கத்தில் வாருங்கள்' என்றால் ஆற்றின் மேல் எத்தனையோ பாலங்கள். 'கடிகாரத்துக்குக் கீழே' என்றால் ரயில் நிலையம் முழுக்கக் கடிகாரம். நிலையத்துக்கு வெளியே தனியாக நிற்கும் பழைய கல் வளைவு நல்ல அடையாளம். 1971 தீவிபத்துக்குப் பிறகு பழைய கட்டடத்தில் மிஞ்சிய வாசல் அது, அந்த மாதிரி இன்னொன்று ஊரில் இல்லை. இடத்தை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், எல்லோரையும் அங்கே கூட்டிப்போய் அவரவர் போனில் அந்த வளைவைப் படமெடுக்கச் சொல்ல வேண்டும். வழி தப்பியவர் மொழி தெரியாமலே படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம். ஹோட்டல் முகவரி அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், கைப்பையில் வேண்டாம். கைப்பையைக் கோச்சிலேயே வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் அதிகம்.

கோச்சில் தலைகளை எண்ணுவதைவிடக் காலி இருக்கைகளை எண்ணுவது பிழையில்லாத வழி. 49 இருக்கைகளில் 44 பேர் என்றால் ஐந்து காலி. இருக்கையில் வைத்த பைகளை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு எண்ண வேண்டும். முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவை, பின்னிருந்து முன்னுக்கு ஒரு தடவை.

கோச் வந்து நமக்காகக் காத்திருக்கும் என்ற நினைப்பே கூடாது. அன்னத்தில் இறக்க, ஏற்ற மட்டுமே நிறுத்துவார்கள். நிறுத்தி வைக்கும் இடம் வேறு, அது ஆற்றுக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். அங்கிருந்து என்றால் சேபுரூக்க வழியாகத்தான் வர வேண்டும், மாலையில் அந்தப் பாலம் நெரிசலில் திணறும். அதனால் ஆட்கள் வளைவில் கூடி, அன்னத்துக்கு நடந்து வந்து, எண்ணி முடித்த பிறகுதான் டிரைவருக்குப் போன் செய்ய வேண்டும். 'இன்னும் இரண்டு பேர் வரணும்' என்ற நிலையில் அழைத்தால் அவர் வந்து நிற்க முடியாமல் ஒரு சுற்றுப் போவார், அரைமணி போய்விடும். நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது சுவிஸில் தடை. 'கொஞ்சம் ஏசி போடச் சொல்லுங்களேன் தம்பி' என்று பெரியவர் கேட்டால் டிரைவரை வற்புறுத்தாமல் அதைப் பொறுமையாக விளக்குவதும் நம் வேலைதான்.

டிரைவரின் வேலை நேரம் இன்னொரு கண்டிப்பான கணக்கு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்டம், வழக்கமாக இரவில் 11 மணி நேர ஓய்வு. எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும். இரவுச் சாப்பாடு நீண்டு டிரைவர் பதினொரு மணிக்குப் படுத்தால் மறுநாள் காலை பத்துக்குத்தான் வண்டி. டிட்லிஸ் பனிமலைக்குப் போகிற நாளில் அது பெரும் நஷ்டம்.

ஏனென்றால் கோடையில் மலைக்குக் காலையில்தான் போக வேண்டும், பிற்பகலில் மேகம் கூடிவிடும். நவம்பர் வாக்கில் கதை தலைகீழ். ஊர் முழுக்க மூடுபனியில் கிடக்கும், மேலே பளீரென்ற வெயில் இருக்கலாம். ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்காமல் மலையுச்சி வெப்கேமைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். டிட்லிஸில் எட்டுப் பேர் அமரும் கேபின், 44 பேருக்கு ஆறு கேபின். யார் எதில் என்று கீழேயே பிரித்துவிட வேண்டும். நடுவில் ட்ரூப்சே நிலையத்தில் கதவு திறக்கும், அங்கே இறங்காமல் 'ஸ்டாண்ட்' என்ற அடுத்த நிலையம் வரை போய்த்தான் சுழலும் கேபினுக்கு மாற வேண்டும். மேல்நிலையம் 3,020 மீட்டர் உயரம். லூசர்னைவிடச் சுமார் 16 டிகிரி குறைவாக இருக்கும். படியில் அவசரமாக ஏறினால் மூச்சு வாங்கும். இதய நோயாளிகளும் முதியவர்களும் அதிகமுள்ள குழுவுக்கு ரிகி மலையே பொருத்தம் என்பது என் கருத்து. 1,798 மீட்டர்தான், 1871 முதல் ஓடும் பற்சக்கர ரயில், அந்த ரயில் கிளம்பும் ஏரிக்கரை ஊரான விட்ஸ்னாவ் வரை படகிலேயே போகலாம். துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழ்த்தளத்தின் நடுவில் நின்றால் பளபளக்கும் எஃகுத் தண்டுகள் மேலும் கீழும் போவதைச் சூடான எண்ணெய் வாசனையோடு பார்க்கலாம். மேல்தளம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புச் சீட்டோடு அங்கே உட்கார்ந்துவிடுவது வழக்கமான தவறு.

கழிப்பறைக்கும் கணக்கு உண்டு. 24 பெண்கள், மூன்று அறைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 16 நிமிடம். இதை அட்டவணையில் எழுதாதவர் நாள் முழுவதும் பின்தங்குவார். கட்டணக் கழிப்பறைகளுக்கு ஒரு பிராங்க், இரண்டு பிராங்க் நாணயங்களைச் சேர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும். யூரோவை வாங்கும் கடைகளிலும் மீதி பிராங்கில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.

கடிகாரம் வாங்குகிறவர்களுக்கு ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் போனால் வரி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட் ஹோட்டல் லாக்கரில் இருந்தால் படிவம் போட முடியாமல் போகலாம், அதனால் கடைக்குப் போகும் நாளில் எடுத்து வரச் சொல்ல வேண்டும். சுவிஸ் பொது விசாவுக்கான ஷெங்கன் நாடுகளில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. கோச்சில் இத்தாலிக்குப் போகிறவர்கள் சியாசோ எல்லையிலேயே சுவிஸ் சுங்க முத்திரை வாங்கிவிட வேண்டும், மிலான் விமான நிலையத்தில் கேட்டால் கிடைக்காது. எல்லையில் கோச் தானாக நிற்காது. காலையில் கிளம்பும்போதே டிரைவரிடம் சொல்லி அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். அதனால் முந்தின இரவு பெட்டி கட்டும்போதே கடிகாரம், படிவம், பாஸ்போர்ட் மூன்றையும் கைப்பையில் வைக்கச் சொல்லிவிட வேண்டும். கோச்சின் அடியில் ஐம்பது பெட்டிகளுக்கு நடுவே அதைத் தேட எல்லையில் இடமும் இல்லை, நேரமும் இல்லை.