எல்லோரா கயிலாயம்: சிகரத்தில் தொடங்கிய கோயில்

பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான குஷ்மேஸ்வரரும் எல்லோராவின் கயிலாசநாதரும் ஒரே ஊரில், நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறார்கள். ஊரின் பெயர் வேரூள், மகாராஷ்டிரத்தில் சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து (பழைய ஔரங்காபாத்) சுமார் 30 கிலோமீட்டர். காலையில் முதலில் குஷ்மேஸ்வரர் தரிசனம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கருவறைக்குள் போக வேண்டும், ஆனால் போய்விட்டால் லிங்கத்தை நாமே தொட்டு, தண்ணீர் ஊற்றி, வில்வம் சாத்தலாம். வெளியே நின்று கற்பூர வெளிச்சத்தில் பார்த்தே பழகிய எனக்கு, சுவாமி மேல் கை பட்டதும் கேட்க வந்த வேண்டுதல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இப்போதுள்ள சிவப்புக்கல் கோயில் 18-ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஹோல்கர் செய்த திருப்பணி. காசி விஸ்வநாதர் கோயிலை மீண்டும் எழுப்பிய அதே அம்மையார்தான்.

அங்கிருந்து எல்லோராவின் 16-ஆம் எண் குகைக்கு, அதாவது கயிலாசநாதர் கோயிலுக்குப் போனோம். குகை என்று எண் போட்டிருக்கிறார்களே தவிர, அது திறந்த வானத்தின் கீழ் நிற்கும் முழுக் கோயில். கோபுர வாசல், நந்தி மண்டபம், இருபுறமும் தனித்து நிற்கும் உயரமான கல்தூண்கள், யானைகள், பதினாறு தூண் மண்டபம், பின்னால் சுமார் 100 அடி உயர விமானம். எல்லாம் ஒரே மலை. கல்லோடு கல் சேர்த்துக் கட்டியதே இல்லை.

எப்படிச் செய்தார்கள் என்பது கீழே நின்றால் புரியாது, பக்கத்துச் சரிவில் ஏறி மேலிருந்து பார்க்க வேண்டும். மலையின் சரிவில் மூன்று பக்கமும் நேர் கீழாக வெட்டி இறங்கி, நடுவில் ஒரு பெரும்பாறையை மட்டும் விட்டிருக்கிறார்கள், பின்பக்கத்தில் ஆழம் 100 அடிக்கு மேல். நம் ஊரில் கோயில் எழும்பும் வரிசை எல்லோருக்கும் தெரியும்: அஸ்திவாரம், அதிஷ்டானம் (கோயில் நிற்கும் பீடம்), சுவர், தளம் தளமாக விமானம், கடைசியில் கலசம். இங்கே அத்தனையும் தலைகீழ். சிகரத்தில் முதல் உளி வைக்கும்போதே, கீழே யானைகள் வரிசையாக நின்று கோயிலைத் தாங்கப்போகும் பீடம் எங்கே வரும், கருவறைத் தரை எந்த மட்டம், நந்தி மண்டபத்திலிருந்து வரும் பாலம் எந்த உயரம் என்பதெல்லாம் ஸ்தபதியின் மனதில் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. கல்லை மேலே ஏற்றும் பாடு இல்லை, சரி. ஆனால் வெட்டியதையெல்லாம் வெளியே கொண்டுபோக வேண்டுமே, அதுவே ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் டன் வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறை அது. சுற்றியுள்ள பாறைச் சுவரில் உளித்தடங்கள் இன்றும் கோடு கோடாகத் தெரிகின்றன.

இதை வேற்றுக்கிரகத்தவர் செய்ததாக வீடியோ போடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது, உளி பிடித்தவர்களிடமிருந்து அவர்கள் உழைப்பையே பிடுங்குகிற பேச்சு அது. இந்த வித்தை எங்கிருந்து வளர்ந்தது என்று நமக்கே தெரியும். மாமல்லபுரத்து ரதங்களும் மேலிருந்து கீழே செதுக்கியவைதான், மேல் பாகம் முடிந்து அடிப்பாகம் கரடாக நிற்பதை அங்கே பார்த்திருப்பீர்கள். பிறகு காஞ்சியில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயில். காஞ்சியை வென்று நுழைந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்ரமாதித்தன் அந்தக் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து, அதை அங்கேயே கன்னடக் கல்வெட்டாகவும் வெட்டி வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமாதேவி கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் எடுத்ததுதான் விரூபாட்சர் கோயில். சாளுக்கியர்களுக்குப் பின் வந்த ராஷ்டிரகூடர்களில் முதலாம் கிருஷ்ணன் (ஆட்சி சுமார் 756 - 773) காலத்தில் எல்லோராக் கயிலாயம், விரூபாட்சர் கோயிலின் அமைப்பை இன்னும் பெரிதாக்கி மலைக்குள்ளிருந்தே எடுத்தது. அதனால்தான் எண்பட்டைச் சிகரமும், கூடம், சாலை எனும் சிறு கோயில் வடிவங்களுமாக அந்த விமானம் காஞ்சியிலிருந்து போகிறவர்களுக்கு நம் கோயிலாகவே தெரிகிறது.

தென்புறத்தில் அடிப்பகுதியில் இராவணன். கைகளையெல்லாம் விரித்து மலையைப் பெயர்க்கிறான், மேலே அம்பாள் பயந்து சுவாமியின் கையைப் பற்றிக்கொள்கிறாள், தோழி ஒருத்தி ஓடுகிறாள், சுவாமி மட்டும் பதறாமல் காலை ஊன்றியிருக்கிறார். தேவாரம் ஓதுகிறவர்களுக்கு இது நெருக்கமான காட்சி. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், அப்பர் கடைசிப் பாட்டில் அவனைக் கொண்டுவருவார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் உறைத்தது, சிற்பி அவனை வெறும் சுவர்ச் சிற்பமாக வைக்கவில்லை. கோயில்தான் கயிலை, அதன் அடியில் அவனை வைத்துவிட்டதால் மேலே இருக்கும் விமானம் முழுவதையும் அவன்தான் அசைக்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலே கருவறையில் பெரிய லிங்கத் திருமேனி. நாங்கள் போனபோது அர்ச்சகர் இல்லை, விளக்கும் இல்லை. மனைவி மெல்லப் பதிகம் பாட ஆரம்பித்தாள், கருவறைக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. முன்னால் நின்ற மராட்டியக் குடும்பம் ஒன்று மொழி புரியாமலே கைகூப்பி முடியும்வரை நின்றது.

குஜராத்தை ஆண்ட ராஷ்டிரகூடக் கிளை மன்னன் கர்க்கராஜனின் பரோடா செப்பேட்டில் (812 வாக்கில் வெளியிட்டது) இந்தக் கோயிலைப் பற்றி வருகிறது. வானத்தில் போகும் தேவர்கள் இது மனிதன் செய்ததல்ல, தானே தோன்றியது என்று வியந்தார்களாம். செய்த சிற்பியே இதை நான் எப்படிச் செய்தேன் என்று திகைத்தானாம். அவன் பெயரை அந்தச் செப்பேடு சொல்லவில்லை, அந்தத் திகைப்பை மட்டும் சொல்கிறது. நான் சுவாமிக்கு அடுத்து அவனுக்கும் ஒரு நமஸ்காரம் செய்தேன்.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று குகைகளுக்கு விடுமுறை. 34 குகைகளையும் ஒரே நாளில் ஓடி முடிக்க நினைக்காமல் கயிலாயத்துக்கு மட்டும் அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு பார்த்த கோயில், மதியத்துக்கு மேல் முன்பக்கம் வெயில் விழும்போது சிற்பங்கள் தெளிவாகத் தெரியும். வயதானவர்களோடு போனால் மேல் தளத்துப் படிகளில் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள், அங்கே வெளிச்சம் குறைவு.