ஸ்லாட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

லிவர்பூல் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளராக ஆர்னே ஸ்லாட் வருவதை 2024 மே 20 அன்று உறுதி செய்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் பழைய மேனேஜர் யூர்கன் க்ளாப் விடைபெற்றிருந்தார். உல்வ்ஸை 2-0 என்று ஜெயித்த கையோடு மைக்கைப் பிடித்தவர், இன்னும் வேலையில் சேராத ஸ்லாட்டின் பெயரைப் பாட்டாகப் பாடி, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டையும் பாட வைத்துவிட்டுப் போனார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. எட்டரை வருடப் பழக்கம், ஒரு பாட்டில் போய்விடுமா?

புது ஆளைத் திட்டுவதற்கு முன் பத்து மேட்ச் பொறுப்பது என்று முடிவு செய்தேன். பொறுமை எனக்குத் தானாக வராது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் நம்பிக்கை, வலது பக்கம் சந்தேகம், ஸ்கோர் எழுதக்கூடாது. ஒரு மேட்சுக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

சீசன் தொடங்கும் முன்பே வலது பக்கம் நிரம்பிவிட்டது. முன்பு இருந்த ஃபெயனூர்ட் அணிக்கு 2023-ல் லீக், 2024-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்தான். ஆனால் நெதர்லாந்து லீக் வேறு, இங்கிலாந்து வேறு. க்ளாப் மேனேஜர், இவருக்குக் கொடுத்திருப்பது தலைமைப் பயிற்சியாளர் என்ற பதவி. ஆள் எடுப்பது இன்னொருவர் வேலை. நடுக்களத்துக்குக் கேட்ட சுபிமெண்டி வர மறுத்துவிட்டார். அந்த சீசனுக்கென்று வந்து சேர்ந்தது கியேசா ஒருவர்தான். எனக்கு வேண்டியிருந்ததோ ஷாபி அலோன்சோ. அவர் மார்ச்சிலேயே ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்கே பயிற்சியாளராக இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 17, இப்ஸ்விச். முதல் பாதியில் ஒன்றும் ஒட்டவில்லை. இடைவேளை முடிந்து வந்தால் தடுப்பாட்டக்காரர் குவான்சாவைக் காணோம், கொனாட்டே நிற்கிறார். சின்னப் பையனை முதல் மேட்சிலேயே பாதியில் எடுப்பதா என்று சந்தேகப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். வரி முடிவதற்குள் ஜோட்டா ஒரு கோல், சலா ஒரு கோல். மேட்ச் முடிந்ததும் ஸ்லாட் மழுப்பவில்லை. பந்துக்கான மோதல்களில் நிறையத் தோற்றோம், அதனால் மாற்றினேன் என்றார். கறார் ஆசாமி. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுத் தையல் மேலேயே எழுதினேன்.

செப்டம்பர் 1, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். அன்று கிராவன்பெர்க்கை மட்டும் பார்த்தேன். முந்தின சீசனில் நிலையான இடம் இல்லாதவர், சுபிமெண்டி வராத ஓட்டையை அடைக்க நிறுத்தப்பட்டவர். பந்து வருவதற்கு முன்னால் இடது தோள் வழியாக ஒரு பார்வை, வலது தோள் வழியாக ஒரு பார்வை. வரும் பந்தை நிறுத்துவதில்லை. உடம்பைக் குறுக்கே திருப்பி, பின்னங்காலுக்கு ஓடவிடுகிறார். துரத்தி வந்தவன் அதற்குள் தவறான பக்கம் நிற்கிறான். எத்தனை முறை இப்படித் திரும்புகிறார் என்று கோடு போட்டு எண்ணப் பார்த்தேன். எண்ண முடியாது. டிவிக்காரன் சரியான நேரத்தில் ரீப்ளே போட்டுவிடுகிறான். எண்ணிப் பார்க்கும் ஆசையுள்ளவர்கள் ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும். லிவர்பூலுக்கு 3-0 வெற்றி. இதற்காக மட்டும் ஸ்கோர் விதியை மீறினேன்.

செப்டம்பர் 14, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ஆன்ஃபீல்டில் 0-1. அங்கே ஃபாரஸ்ட் ஜெயித்து 1969-க்குப் பிறகு இதுதான் முதல் முறையாம். ஃபாரஸ்டின் ஹட்சன்-ஓடாய் உள்ளே வெட்டி அடித்த பந்து மூலைக்குப் போனபோது நோட்டைத் தூக்கி எறிந்தேன். தம்பி போன் செய்தான். அவன் ஆர்சனல் ரசிகன்.

"என்னண்ணே, நாலாவது மேட்ச்லயே நோட்ட மூடிட்டியா?"

"போடா, வேலையப் பாரு."

மறுநாள் எடுத்துப் படித்தால் ஒரே பக்கத்தில் 'க்ளாப் இருந்திருந்தால்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். ஸ்லாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதி வைத்தது சந்தேகமே இல்லை, துக்கம். மூன்றையும் அடித்துவிட்டுப் புது விதி போட்டேன்: இனி இந்த நோட்டில் க்ளாப் பெயர் வரக்கூடாது.

அக்டோபர் 5, கிரிஸ்டல் பேலஸ். பத்தாவது மேட்ச், தீர்ப்பு நாள். ஒன்பதாவது நிமிடத்தில் ஜோட்டா கோல் போட்டார். அதற்கப்புறம் பந்து அங்கே இங்கே போய் வந்துகொண்டே இருந்தது. சாயங்கால வேளையில், சோபாவிலேயே தூங்கிவிட்டேன். முன்பெல்லாம் லிவர்பூல் மேட்ச் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. இவர்களோ ஒரு கோலை வைத்துக்கொண்டு பெட்டிக்கடைக்காரர் மாதிரி கணக்காகக் குடும்பம் நடத்துகிறார்கள். ஜெயித்தார்கள், ஆனால் போரடித்தது. தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

நவம்பரில் எழுத அதிகம் இல்லை, எல்லாமே இடது பக்கம். அலோன்சோவே லெவர்குசனோடு ஆன்ஃபீல்டுக்கு வந்து 0-4 வாங்கிக்கொண்டு போனார். நான் கேட்ட ஆள் அவர் என்பதால் கொஞ்சம் சங்கடம். பிறகு ரியல் மாட்ரிட் 2-0, டிசம்பர் 1 அன்று மான்செஸ்டர் சிட்டி 2-0. பதின்மூன்று லீக் மேட்சில் 34 புள்ளி. வலது பக்கத்தில் மிஞ்சியது சலா, வான் டைக், ட்ரெண்ட் மூவரின் ஒப்பந்தமும் 2025 ஜூனில் முடியவிருந்தது என்பதுதான். அதை ஸ்லாட் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

டிசம்பர் 4, நியூகாசில். நம் ஊர்க் கணக்குக்கு டிசம்பர் 5 ஆகிவிட்டது, இரவு ஒரு மணிக்கு ஆரம்பம். இரண்டு முறை பின்தங்கி, இரண்டு முறை சமன் செய்து, 83-ஆவது நிமிடத்தில் சலா 3-2 ஆக்கினார். பந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பறந்தது. நான் ஏங்கிக்கொண்டிருந்த அதே பழைய ரகளை. கடைசியில் ஒரு ஃப்ரீ கிக். பந்து வெளியே போய்விடும் என்று நம் கோல்கீப்பர் கெல்லஹர் விட்டுவிட்டார். தூரத்துப் போஸ்ட்டில் நின்ற நியூகாசிலின் ஷேர் காலை வைத்தார். 3-3.

மணி மூன்றை நெருங்கியது. பேனாவை எடுத்து, 'ஒரு கோல் முன்னால் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா?' என்று வலது பக்கம் கோபமாக எழுதினேன். எழுதி முடித்த பிறகு பேலஸ் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது.