இவன் காரியம் என்ன?

நர்ஸ்கள் ஒருவரையொருவர் எப்படி எடைபோடுகிறோம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முதலில் பார்ப்பது, நரம்பில் ஊசி ஏற்றி ஐவி போடும் கையைத்தான். வயிற்றுப்போக்கில் வாடிப்போய் வந்த குழந்தைக்கு மஞ்சள் கேனுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழாய்; நிறத்தை வைத்து அளவு தெரியும்), மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் சுருங்கிப்போன அம்மாவுக்கு நீலம். யாருக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைக்கிறதோ அவளைத்தான் எல்லா வார்டுக்கும் கூப்பிடுவார்கள். எனக்கு ரொம்பப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கை வாய்த்திருக்கிறது. நான் டிரேயோடு பக்கத்தில் நிற்கும்போதே, "அந்த சிஸ்டரை வரச் சொல்லுங்க" என்பார்கள் நோயாளியின் சொந்தக்காரர்கள்.

அதற்கு மேலே இன்சார்ஜ் பதவி, அரசு வேலை, எல்லாவற்றுக்கும் மேலே வெளிநாடு. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டாள், ஒருத்தி ஜெர்மன் மொழியில் பி2 நிலை முடித்துவிட்டாள், ஒருத்தி லண்டன் பனியில் நின்று படம் போடுகிறாள். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வரும்போது, நாம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்றுதான் தோன்றும்.

சபையிலாவது அளவுகோல் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஞாயிறு ஆராதனையில், யார் எதற்கு நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார்கள் என்று வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். விசா கிடைத்ததற்காக, பதவி உயர்வுக்காக, புது வீட்டுக்காக. நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் அதே வார்டில் இன்னொரு வருடம் உண்மையாய் வேலை செய்ததற்காக யாரும் காணிக்கை கொடுத்து நான் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு, கடவுளும் அந்தப் பட்டியலைத்தான் வைத்திருக்கிறார் என்ற எண்ணம் மனதில் படிந்துவிடுகிறது.

எனக்கு அந்த எண்ணம் அசைந்தது ஒரு பக்கவாத நோயாளியின் படுக்கையருகே. பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை, மூக்கு டியூப் வழியாகத்தான் உணவு. இப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு என்று எங்கே எலும்பும் தோலும் ஒட்டி இருக்கிறதோ அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டு முதலில் சிவக்கும். விரலால் அழுத்திப் பார்ப்போம். அழுத்தும்போது வெளுத்து, விட்டதும் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் ஊர்த் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்துப்போயிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு முட்டு, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் ஒரு இழுப்பு. சார்ட்டில் நேரம் எழுதிவிட்டு அடுத்த படுக்கை.

அந்த ஐயா என்ன வேலை பார்த்தார், என்ன சம்பாதித்தார் என்று எனக்குத் தெரியாது. குதிகாலைத் தூக்கி வைக்க அது தெரியவேண்டியதும் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரரைவிட இவர் மேலா கீழா என்று எந்த நர்ஸும் பார்த்துப் புரட்டுவதில்லை. விரலைக்கூட அசைக்க முடியாத ஒரு மனிதருக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று என் கைகள் நம்புகின்றன. அப்படியிருக்க, என் மதிப்பை மட்டும் ஏன் என் திறமையிலும் நான் போகாத ஊரிலும் தேடுகிறேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விடை வேதத்தில் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது. மத்தேயு இதை 3ஆம் அதிகாரத்திலேயே எழுதிவிடுகிறார். அதுவரை இயேசு ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ ஒரு பிரசங்கம் செய்ததாகவோ மத்தேயுவில் இல்லை. அப்போது இயேசுவுக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா; அதுவரை அவர் நாசரேத்தில் தச்சர். பிதாவின் பிரியம் முதலில் வந்தது, ஊழியம் அதற்கு அப்புறம். கிறிஸ்துவுக்குள் நாமும் பிள்ளைகள் என்று விசுவாசிக்கிறோமே, அப்படியானால் நமக்கும் இதே வரிசைதான்.

யோவான் 21ஆம் அதிகாரத்தையும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். பேதுருவிடம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்து, அவன் எப்படி மரிப்பான் என்பதையும் இயேசு குறிப்பாகச் சொல்கிறார். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்ட கையோடு பேதுரு திரும்பிப் பின்னால் வரும் சீஷனைப் பார்க்கிறான். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்கிறான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வருகிறது. பலருக்கு இது கண்டிப்பாகக் கேட்கும். எனக்குத் தோளிலிருந்து சுமையை இறக்கிவைத்ததுபோல இருந்தது. அடுத்தவனுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று பேதுருவுக்கு அவர் விவரம் சொல்லவில்லை; பேதுருவுக்குக் கொடுத்ததைக் குறைக்கவும் இல்லை.

இப்போது நரம்பு கிடைக்காத நோயாளி வந்தால் நானே அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையில் சுற்றுவாள், கையைச் சற்று நேரம் கீழே தொங்கவிடச் சொல்வாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடுவாள். அந்தப் பொறுமை அழகாக இருக்கிறது. முன்பு அதைப் பக்கத்தில் நின்று பார்க்கவே எனக்கு மனசு வராது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காலில் பலத்த அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு, அந்த அறையில் தினமும் விரிப்பு மாற்றி முதுகைக் கவனித்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கடவுளுக்கு அவர்களையும் பெயர் சொல்லித் தெரியும் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "உன் மதிப்பு ஆண்டவரிடத்தில் இருக்கிறது" என்ற வார்த்தையை, சம்பளம் கேட்கிற நர்ஸின் வாயை அடைக்க எடுத்தால் அது சுவிசேஷம் இல்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று சொன்னவரும் இயேசுதான். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு 2016இல் ஒரு பரிந்துரை கொடுத்தது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அரசு செவிலியரின் சம்பளத்தோடு என் சம்பளத்தை வைத்துப் பார்ப்பது நியாயம் கேட்பது. அவளோடு என்னையே வைத்துப் பார்ப்பது வேறு. முதலாவதைத் தயங்காமல் செய்கிறேன். அந்தப் பரிந்துரையைக் குறிப்பிட்டு எங்கள் நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.