தைப்பூச இரவில் எழுதிய தலைப்பு

2020 பிப்ரவரி 8, சனிக்கிழமை, தைப்பூசம். அப்போது ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தேன். பழநியிலிருந்தும் வடலூரிலிருந்தும் படங்கள் வந்து குவிந்ததால், வெளிநாட்டுச் செய்திக்கு அரைப் பக்கமே மிஞ்சியது. தாய்லாந்துத் துப்பாக்கிச் சூட்டை அதற்குள்தான் அடக்க வேண்டியிருந்தது. அங்கும் அன்று மாக பூஜை என்னும் பௌத்தத் திருநாள். சூடு நடந்த வணிக வளாகத்தில் கூட்டம் இருந்ததற்கு விடுமுறையும் ஒரு காரணம்.

ஊர்ப் பெயரிலேயே தடுமாறினோம். தட்டச்சில் 'ராட்சச சீமா' என்று விழுந்திருந்ததைப் பிழை திருத்துபவர் பொருத்தம்தான் என்று விட்டுவிடப் பார்த்தார். அது 'ராஜ சீமா', அரச எல்லை என்று சொல்லி 'நாகோன் ராச்சசீமா' ஆக்கினேன். உள்ளூரில் கோராட் என்பார்கள்.

ராணுவ வீரர் ஒருவர், தம் மேலதிகாரியின் மாமியார் மூலம் வீடு வாங்கிய வகையில் தமக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் அவ்விருவரையும் ஒரு வீட்டில் சுட்டுக் கொன்றார். பிறகு முகாமில் துப்பாக்கிகளையும் ராணுவ வண்டியையும் கைப்பற்றி, வழியில் ஒரு புத்த விகாரையருகே சுட்டுவிட்டு, டெர்மினல் 21 வணிக வளாகத்துக்குள் புகுந்தார். இடையிடையே முகநூலில் பதிவும் போட்டார்.

நம் குற்றச் செய்திகளில் இதற்கென்றே தேய்ந்த தொடர் ஒன்று உண்டு: 'கொடுக்கல் வாங்கல் தகராறில்'. இரண்டு பத்தி அகலத்துக்கு அது நீளம் என்பதால், 'கடன் தகராறில் ராணுவ வீரர் வெறி: 20 பேர் பலி' என்று தலைப்பிட்டேன். சரியாக உட்கார்ந்தது என்று பொறுப்பாசிரியரும் தலையசைத்தார். அந்த 'இல்' உருபுதான் பின்னாளில் என்னை உறுத்தியது. தகராறுக்குள் இருந்தவர்கள் அந்த முதல் வீட்டோடு முடிந்துபோனார்கள். வளாகத்தில் கடைக்கு வந்தவர்கள் அவருக்கு ஒரு காசு கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. அவர்களையும் சேர்த்து ஒரே வேற்றுமை உருபில் கடனுக்குக் கட்டிவிட்டேன்.

'வளாகத்தில் பதுங்கியுள்ளார்' என்று அச்சான பத்திரிகை ஞாயிறு காலை வாசல்களில் விழுந்து சற்று நேரத்திலேயே, நம் நேரம் சுமார் ஏழரை மணிக்கு, பாதுகாப்புப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டனர். அவரைத் தவிர்த்து இறந்தவர்கள் 29 பேர், காயமடைந்தவர்கள் 58 பேர் என்று கணக்கு பிறகு நின்றது.

பிப்ரவரி 11 அன்று தரைப்படைத் தலைவர் அபிராத் கொங்சொம்பொங் செய்தியாளர்கள் முன் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். மேலதிகாரியிடமும் அவர் உறவினரிடமும் அந்த வீரருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவர், துப்பாக்கி விசையை அழுத்திய கணமே அவர் ராணுவ வீரரல்லர், குற்றவாளி என்றும் சொன்னார். வீரர்களின் வீட்டு வசதிக் கடனைச் சுற்றி அதிகாரிகள் நடத்திய வியாபாரம் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. என் பார்வையில் உண்மையான செய்தி அதுதான். நான்கு பாராக்களில் எழுதிக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வரவே, மன்னிப்பும் கண்ணீரும் உள்ள முதல் பாரா மட்டும் அச்சேறியது.