கோமாரி வைரஸின் வம்சாவளி

வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண் என்றால் கோமாரி என்று மாடு வளர்க்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். எந்தக் கோமாரி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வைரஸில் ஏழு வகைகள். இந்தியத் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்றுக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது, ஏனென்றால் ஒரு வகைக்கான எதிர்ப்புச் சக்தி இன்னொன்றைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் கிளைகள் பிரிந்துகொண்டே இருக்கும். ஆர்.என்.ஏ. வைரஸ் அல்லவா, தன்னைப் படியெடுக்கும்போது பிழை விடுகிறது, திருத்துவதில்லை. சுமார் 8,300 எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதியில், வைரஸின் வெளியுறையில் உள்ள விபி1 என்ற புரதத்துக்கான சிறு பகுதியைப் படித்தாலே கிளை தெரிந்துவிடுகிறது.

2013இல் தென்னிந்தியத் தொழுவங்களைக் காலி செய்தது ஓ வகையின் இந்த்-2001 கிளை. அந்த ஆண்டே அதே கிளை லிபியாவில் தென்பட்டது. 2014இல் துனிசியா, அல்ஜீரியா. நம் பக்கத்து வைரஸ் வட ஆப்பிரிக்கா வரை போனதை மரபணு வரிசைதான் காட்டிக்கொடுத்தது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நம் தடுப்பூசியில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஓ வகை விதை வைரஸ், அதாவது தடுப்பூசி தயாரிக்க மூலமாக வைத்துக்கொள்ளும் வைரஸ், 1975இல் எடுக்கப்பட்டது. இன்று களத்தில் திரியும் வைரஸுக்கு அது பொருந்துகிறதா என்று தொடர்ந்து சோதிக்க, புதிய மாதிரிகள் வேண்டும். நாக்கில் புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல்தான் சிறந்த மாதிரி. புண் ஆறத் தொடங்கினால் அது கிடைக்காது. அதனால் மஞ்சள் பூசி நான்கு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாளே கால்நடை மருத்துவரை அழையுங்கள், மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.