ஸ்னோஷூ கட்டிக்கொண்டு பனிமலையில் ஒரு நாள்: கிளப்போடு போகிறவர்களுக்கு

கோடையில் மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும் மலை, பனி விழுந்த பிறகு ஆறு மணி நேரம் கேட்கும். மலையேற்றக் கிளப்போடு முதன்முதலாக ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்கப் பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகன்ற சட்டம்) நடைக்கு வருகிறவர்கள் குளிருக்குப் பயந்து, வீட்டில் இருக்கிற கம்பளியை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆளைப் பாதி வழியில் உட்கார வைப்பது பெரும்பாலும் உள்சட்டையில் ஊறிய வியர்வையும் தப்பிப்போன நேரக் கணக்கும்தான். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் மற்றவற்றைக் குழு பார்த்துக்கொள்ளும்.

முதலில் நேரம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போக வர 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏற்கெனவே ஆட்கள் மிதித்துக் கெட்டிப்பட்ட பனித்தடம் என்றால் இதை ஒன்றரையால் பெருக்குங்கள். முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி கிடந்தால் இரண்டால் பெருக்கினாலும் போதாது. இதற்கு மேல் ஓய்வு, உடை மாற்றம், கழன்ற ஸ்னோஷூ வாரைக் கட்டுவது எல்லாம் சேரும். பனிக்காலப் பகல் குறுகியது என்பதால், திரும்பும் நேரத்தைக் காலையில் கிளம்பும் இடத்திலேயே எல்லோரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். "பன்னிரண்டரைக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம்" என்று சொல்லிவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது வாக்குவாதம் வராது. ஹெட்லாம்ப் எல்லோர் பையிலும் இருந்தே ஆக வேண்டும். அதற்கு லித்தியம் பேட்டரி போடுங்கள். சாதாரண அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும்.

நடைக்கு முன்பு தலைவர் போன் செய்து, இதற்கு முன் பனியில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள், என்ன பூட்ஸ், என்ன கையுறை என்று துருவித் துருவிக் கேட்பார். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருவர் பாதியில் திரும்ப நேர்ந்தால் அவரோடு இன்னொருவராவது திரும்ப வேண்டும். சில சமயம் மொத்தக் குழுவே திரும்ப வேண்டியிருக்கும். பனிக்கால நடைக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்று பல கிளப்கள் சொல்வதும் இதே கணக்கில்தான்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடிப் போகலாம். ஜீன்ஸ் போட்டு வந்தவரைக் கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்பும் தலைவர்தான் நல்ல தலைவர் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜீன்ஸ் ஏன் கூடாது? பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உடலை ஒட்டிய உடுப்பு மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். அதன் மேல் பஞ்சு போன்ற செயற்கைத் துணியான மெல்லிய ஃபிளீஸ், காற்று அடித்தால் மேலே ஒரு ஷெல், அதாவது காற்றைத் தடுக்கும் மேலுடுப்பு. பறவையின் மென்சிறகு அடைத்த கனத்த டவுன் ஜாக்கெட் பைக்குள் இருக்க வேண்டும். நடக்கும்போது அதைப் போடக் கூடாது. கிளம்பும் இடத்தில் கொஞ்சம் நடுங்குகிற மாதிரி இருந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கேயே கதகதப்பாக இருந்தால் ஏற்றம் தொடங்கிய கால் மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைவர் ஒரு முறை நிறுத்துவார். அப்போது கூச்சப்படாமல் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், தொப்பியையும் எடுத்துவிடுங்கள். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை.

நிற்கும்போது இதற்கு நேர்மாறு. பையை இறக்கியதும் முதல் வேலை டவுன் ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்வது; குடிப்பதும் தின்பதும் அதற்குப் பிறகு. குளிரத் தொடங்கிய பின் போட்டால், போன சூடு திரும்பிவர வெகுநேரம் ஆகும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி இருக்கும். மரங்களைத் தாண்டித் திறந்த முகட்டில் கால் வைக்கும் முன், கடைசி மரங்களின் மறைவிலேயே ஷெல், முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டி முடித்துவிட வேண்டும். காற்றுக்குள் போய்ப் பையைத் திறந்தால் கையுறை பறந்துவிடும். அதனால்தான் மாற்றுக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம் என்கிறோம். பெருவிரல் மட்டும் தனியாக இருக்கும் மிட்டன், ஐந்து விரல் கையுறையைவிடச் சூடானது. உள்ளே மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொண்டால், வார் கட்ட மிட்டனைக் கழற்றினாலும் வெறுங்கை உலோகத்தில் படாது.

காலுக்கு, நீர் புகாத, உள்ளே வெப்பத்தைத் தேக்கும் பூட்ஸ். குளிருமே என்று இரண்டு ஜோடி காலுறை போட்டு இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முன்பைவிட அதிகமாக மரத்துப்போகும். கனமான கம்பளிக் காலுறை ஒன்று போதும். உள்ளே விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். கை, கால் சூட்டுப் பொட்டலங்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனால் வேலை செய்பவை. இறுகிய பூட்ஸுக்குள் அடைத்துவிட்டுச் சுடவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம். பூட்ஸுக்கும் கால்சட்டைக்கும் இடையே பனி புகாதபடி மேலே கெய்ட்டர் என்னும் கால் உறை.

இனி ஸ்னோஷூ. உங்கள் எடையை அகலமான பரப்பில் பரப்பி, கால் புதையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அளவு பார்க்கும்போது உடல் எடையோடு பை எடையையும் கூட்டிப் பாருங்கள். தோராயமாக 80 கிலோ வரை 22 அங்குலம், 100 கிலோ வரை 25, அதற்கு மேல் 30. மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று எடுத்தால், நெருங்கிய மரங்களுக்கு நடுவே கால் சிக்கி இடுப்பு நோகும். மிதிபட்ட தடத்தில் நடக்கும் கிளப் நடைகளுக்குச் சிறிய அளவே தோது. புதுப்பனி அதிகம் என்றால் பின்னால் தனியாகப் பொருத்தும் வால் சில மாடல்களுக்குக் கிடைக்கும். மலைக்கு எடுப்பதென்றால் மூன்றைப் பாருங்கள்: முன்பாதத்துக்குக் கீழே கூரான பற்கள், இரு பக்க விளிம்பிலும் நீளவாக்கில் பல் வரிசை, குதிகாலுக்குக் கீழே மேலே தூக்கி நிறுத்தும் கம்பி. செங்குத்தான ஏற்றத்தில் அந்தக் கம்பியைத் தூக்கிவிட்டால் கெண்டைக்கால் சதைக்குக் கிடைக்கும் நிம்மதியை ஒரு முறை அனுபவித்தவர்கள் பிறகு அது இல்லாத ஸ்னோஷூவைத் தொடமாட்டார்கள்.

வாரைக் கட்டுவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். முன்பாதத்தின் அகன்ற பகுதி, ஸ்னோஷூ ஆடும் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். காலை முன்னால் தள்ளி வைத்தால் ஒவ்வோர் எட்டிலும் பூட்ஸ் நுனி சட்டத்தின் முன்விளிம்பில் இடிக்கும். பின்னால் வைத்தால் ஏற்றத்தில் பற்கள் பிடிக்காது. கொக்கிகள் இரண்டு காலிலும் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் ஒன்றோடொன்று உரசிக் கழலும். முதலில் முன்பாத வார்கள், பிறகு குதிகால் வார். கட்டிவிட்டுக் காலைத் தூக்கி உதறிப் பாருங்கள்: பூட்ஸ் பக்கவாட்டில் ஆடக் கூடாது, ஆனால் குதிகால் தாராளமாக மேலே எழ வேண்டும். மிஞ்சிய வார் நுனியைச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் மற்றக் கால் அதை மிதிக்கும். பத்து நிமிடம் நடந்தபின் வார் கொஞ்சம் தளரும். உடை கழற்ற நிற்கும்போதே அதையும் ஒரு தடவை இறுக்குங்கள். இன்னொன்று: சூடான காருக்குள் இருந்த ஸ்னோஷூவை நேரே பனியில் வைத்தால், அடியில் பனி உருகி உடனே உறைந்து கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வந்து இறங்கியதும் அதை வெளியே எடுத்து ஆறவிட்டு, மற்ற வேலைகளைப் பாருங்கள். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாளில் நடக்கும்போதும் பற்களுக்கு நடுவே பனி உருண்டு சேரும். ஊன்றுகோலால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும்.

நடையைப் பெரிதாகக் கற்க வேண்டியதில்லை. கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் போதும். பின்னோக்கி மட்டும் நடக்காதீர்கள். வால் பனியில் குத்தி ஆள் மல்லாக்க விழுவார். திரும்ப வேண்டுமென்றால் சிறு சிறு எட்டாக வட்டமடியுங்கள். இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால் முன்பற்களில் எடை விழாமல் சறுக்கும். முழங்காலை மடக்கி, எடை நேர் கீழே இறங்குகிற மாதிரி நில்லுங்கள். குதிகால் கம்பியை இறக்கத்துக்கு முன் மடக்கிவிட மறக்க வேண்டாம். விழுந்துவிட்டால் குப்புறப் புரண்டு, இரண்டு ஊன்றுகோலையும் பெருக்கல் குறி போலப் பனிமேல் வைத்து அதன் நடுவில் கை ஊன்றி எழலாம். வெறுங்கையை ஊன்றினால் தோள்வரை புதையும்.

புதுப்பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் வேலை எல்லாம். அவர் மிதித்த தடத்தில் வருகிறவருக்குப் பாதி உழைப்பே மிச்சம். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முன்னவர் தடத்தைவிட்டு ஓர் எட்டு விலகி நின்று, வரிசை கடந்தபின் கடைசியில் சேர்ந்துகொள்வார். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது" என்று ஒருவரே அரை மணி நேரம் இழுத்தால், அவர் வியர்வையில் குளித்து அடுத்த ஓய்வில் நடுங்குவார். வேகத்தை வரிசையில் மெதுவானவர் தீர்மானிக்கட்டும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம் சரியான வேகம். வால்காவலாக அனுபவசாலி ஒருவர் கடைசியில் வர வேண்டும். இயற்கை அழைப்புக்கு ஒதுங்குகிறவர் பையைத் தடத்திலேயே வைத்துவிட்டுப் போனால், வால்காவல் அதைப் பார்த்து அங்கே நிற்பார். ஸ்னோஷூ இருந்தும் பையில் கட்டிக்கொண்டு வெறும் பூட்ஸோடு நடந்து தடமெங்கும் குழி போடுவது மகா தவறு. அந்தக் குழிகள் இரவில் உறைந்து, மறுநாள் வருகிறவர் கணுக்காலைத் திருப்பும். நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் உயர்சிகரப் பகுதியில், பனி எட்டு அங்குலத்தைத் தாண்டினால் ஸ்னோஷூ அல்லது ஸ்கீ கட்டாயம் என்றே விதி இருக்கிறது. தடம் இறுகிப் பனிக்கட்டியாக இருந்தால் பூட்ஸ் மேல் மாட்டும் சிறுபற்சங்கிலியான மைக்ரோஸ்பைக் போதும்; கெட்டிப் பனி மூடிய செங்குத்தான இடத்துக்கு, பூட்ஸில் பூட்டும் நீண்ட கூர்ப்பற்களான கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும். அது வேறு பயிற்சி.

ஊசியிலை மரங்களின் அடியை ஒட்டிப் போகாதீர்கள். தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி உள்ளே பொந்து இருக்கும். மேலே சமதரை மாதிரி தெரியும். உறைந்த ஏரியில் ஆள் நடக்க, தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். வெண்மையான பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான். ஓடை வந்து கலக்கும் இடத்தில் எப்போதும் மெலிந்திருக்கும்.

மலைமேலிருந்து பனி பெயர்ந்து சரியும் பனிச்சரிவு, ஸ்கீ ஓட்டுகிறவர்களின் கவலை மட்டுமே என்று நினைப்பது ஆபத்து. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு, அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான் அதைக் கிளப்பிவிட்டிருப்பார்கள். நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும், தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் நீங்கள் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைக் காலையில் படியுங்கள். அதில் ஆபத்தின் அளவுகோல் ஒன்றிலிருந்து ஐந்து வரை. புதையுண்டவரைத் தேடும் ரேடியோக் கருவியான டிரான்ஸீவர், பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியான புரோப், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்து, பழகியும் இருந்தாலொழியக் கிளப் நடைகள் இந்த நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புதையுண்டவரை முதல் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுப்பதில்தான் உயிர் இருக்கிறது. வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது.

தண்ணீரை வெந்நீராகவே அகன்ற வாய் பாட்டிலில் நிரப்பி, காலுறைக்குள் செருகித் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறையும் என்பதால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். உறிஞ்சுகுழாய்ப் பைகளின் குழாய் முதல் மணி நேரத்திலேயே உறைந்துவிடும். சாக்லேட்டையும் பார்களையும் வீட்டிலேயே சிறு துண்டாக வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், பல் உடையாமல் நடந்தபடியே தின்னலாம்.

குழுவில் ஒருவர் பேச்சு குழறினால், தடுமாறினால், கையுறையைத் தவறவிட்டுக் கவனிக்காமல் நடந்தால், அவர் சொல்வதை நம்பாதீர்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். உடல் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் அறிகுறி அது. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த உடை மாற்றி, அடியில் பாய் போட்டு உட்கார வைத்து, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். நடுக்கம் நின்றும் ஆள் தெளியவில்லை என்றால் நிலைமை மோசம்: வாயில் ஒன்றும் ஊற்றாமல், அசைக்காமல் படுக்க வைத்து மீட்புக் குழுவை அழையுங்கள். கன்னத்திலோ மூக்கிலோ வெளுத்த திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது தோலைக் கெடுக்கும். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டே வருவதற்காகத்தான் ஓய்வில் எதிரெதிரே நிற்கச் சொல்கிறோம்.

பொதுச் சாமான்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்: ஒரு தூக்கப்பை, ஒரு நுரைப்பாய், அடுப்பு, எல்லோரும் உள்ளே உட்காரும் கூடாரத்துணி, முதலுதவிப் பெட்டி. பழுதுபார்க்கப் பிளாஸ்டிக் டை பத்து, ரப்பர் வார் இரண்டு, கொஞ்சம் கம்பி, ஊன்றுகோலில் சுற்றிய டக்ட் டேப். ஸ்னோஷூ வார் அறுந்தால் ரப்பர் வார் மட்டுமே உங்களைக் கார்வரை கொண்டுவந்து சேர்க்கும்.

இறங்கி வந்ததும் தலை எண்ணி, பெயர்ப் பட்டியலில் குறித்து, எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆன பிறகே யாரும் கிளம்ப வேண்டும். வீட்டில் ஸ்னோஷூவை அடுப்புப் பக்கம் வைக்காமல் காற்றாட உலர்த்துங்கள். உலர்ந்ததும் வார்களை வளைத்து விரிசல் பாருங்கள், ஆணிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். தளர்ந்தது எதுவானாலும் அன்றே மாற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள்.